ஃபார்மட்டா, ரேமா, எஸ்.எஸ்.டி.யா, புதுக் கணினியா? திடீரென முடங்கும் வீட்டுக் கணினிக்கான வழிகள்: ஓர் ஒப்பீடு

திருச்சியில் இருக்கும் என் அக்கா வீட்டுக் கணினி 2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 என்று அந்தக் காலத்தில் நடுத்தர வீடுகள் பலவும் வாங்கிய அமைப்புதான். பிள்ளைகளின் படிப்புக்கும், மின்கட்டணம் கட்டுவதற்கும், அக்கா எடுக்கும் டியூஷனுக்கான வினாத்தாள்களை அடிப்பதற்கும் குறையில்லாமல் உழைத்துவந்த அது, ஒரே வாரத்தில் முற்றிலும் மாறிப்போனது. பொத்தானை அழுத்திவிட்டுக் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் திரை முழுதாக எழுந்திருக்காது. கோப்பு ஒன்றைத் திறந்தால் அரை நிமிடம் உறைந்து நிற்கும். நாளுக்கு இரண்டு முறையாவது நீலத் திரை காட்டி அணைந்து மீண்டும் எழும்.

அக்கா மகன், வட்டை அழித்து விண்டோஸை மீண்டும் ஏற்றும் ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும் என்றான். தெருமுனையில் உள்ள சர்வீஸ் கடைக்காரர் ரேம் போதவில்லை என்றார். அத்தானின் அலுவலக நண்பர், ஹார்டு டிஸ்குக்குப் பதில் சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தை மாற்றச் சொன்னார். அத்தான், பத்து ஆண்டுகள் ஆகப்போகும் கணினிக்கு இன்னும் செலவு செய்வதைவிடப் புதிதாக வாங்கிவிடலாம் என்ற முடிவில் இருந்தார். நான்கு யோசனைகளுமே ஏதோ ஒரு நோய்க்குச் சரியான மருந்துதான். ஆனால் எந்த நோய் என்று பார்ப்பதற்கு முன்பே மருந்தின் விலையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் அறிகுறிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ‘திடீரென’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கணினி மந்தமாவது வேறு, போன வாரம் வரை ஓடியது இந்த வாரம் நகராமல் போவது வேறு. மெல்ல வரும் மந்தத்துக்கு, உலாவியும் மென்பொருள்களும் ஆண்டுதோறும் கூடுதல் நினைவகம் கேட்பதும், கணினி தொடங்கும்போதே தானாக ஓடும் நிரல்கள் சேர்ந்துகொண்டே போவதும் காரணங்கள். திடீர் மந்தத்தில் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது, அல்லது புதிதாக ஏதோ ஒன்று உள்ளே வந்திருக்கிறது.

அடுத்து, மந்தமும் முறிவும் சேர்ந்து வருகின்றனவா, தனித்தனியாக வருகின்றனவா என்பது. ரேம் எனும் நினைவகம் பழுதானால் கணினி முறியும், ஆனால் மந்தமாகாது. நினைவகத்தின் ஓர் அறை தனக்குக் கொடுத்த மதிப்பைச் சரியாகத் திருப்பித் தரும், அல்லது தவறாகத் தரும். யோசித்து யோசித்துத் தாமதமாகத் தருவது அதன் இயல்பில் இல்லை. மின்வழங்கியான எஸ்.எம்.பி.எஸ். பழுதானால் கணினி சட்டென்று அணையும், ஆனால் அணைகிற நொடி வரை நல்ல வேகத்தில் ஓடும். வெப்பம் மிகுந்தால், தொடங்கிப் பத்து நிமிடம் நன்றாக ஓடிய பிறகு மந்தமாகி, பின்னர் நீலத் திரைகூட இல்லாமல் அணைந்துவிடும். வைரஸோ, பாகங்களை இயக்கும் மென்பொருளான டிரைவர் பொருந்தாததோ காரணம் என்றால் மந்தமும் முறிவும் வரக்கூடும். ஆனால் அத்தியாவசிய நிரல்களோடு மட்டும் விண்டோஸ் ஓடும் சேஃப் மோடில் தொடங்கிப் பார்த்தால் பெரும்பாலும் அமைதியாகிவிடும். குளிர்ந்த நிலையில் தொடங்கிய முதல் நிமிடத்திலிருந்தே மந்தம், சேஃப் மோடிலும் மந்தம், நடுநடுவே உறைதல், அவ்வப்போது நீலத் திரை என்று எல்லாம் ஒன்றாக வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது ஹார்டு டிஸ்கைத்தான்.

அதற்குக் காரணம் உண்டு. வட்டின் பரப்பில், தரவு எழுதப்படும் சிறு பகுதியான செக்டர் ஒன்று தேய்ந்துபோய் அதைப் படிக்க முடியாதபோது, ஹார்டு டிஸ்க் உடனே தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. படிக்கும் முனையைச் சற்றே நகர்த்தி நகர்த்தி, பல நொடிகள் வரை மீண்டும் மீண்டும் முயல்கிறது. அந்த நேரமெல்லாம் விண்டோஸ் காத்திருக்கிறது. அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும் மற்ற வேலைகளும் காத்திருக்கின்றன. சுட்டி திரையில் நகரும், ஏனென்றால் அதற்கான நிரல் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கிறது. ஆனால் எதைச் சொடுக்கினாலும் பதில் இருக்காது. படிக்க முடியாத அந்தச் செக்டர் ஒரு பழைய புகைப்படத்தில் இருந்தால் அந்தப் படம் மட்டும் போகும். விண்டோஸ் தன் நினைவகத்தின் ஒரு பகுதியைத் தற்காலிகமாக எழுதிவைக்கும் பேஜ் கோப்பில் இருந்துவிட்டால், இயங்குதளத்துக்குத் தன்னுடைய பொருளே திரும்பக் கிடைக்காமல் ‘கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்’ என்ற வாசகத்தோடு நீலத் திரை வரும். அக்கா வீட்டில் இரண்டாம் நாள் நான் கைப்பேசியில் படம் எடுத்துவைத்ததும் அதே வாசகம்தான். நீலத் திரை வந்தால் எரிச்சலில் உடனே அணைத்துவிடாமல், அடியில் உள்ள வரியைப் படம் எடுத்துவைப்பது நல்லது. ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று அடிக்கடி வந்தால் சந்தேகம் ரேம் பக்கம் திரும்பும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கோப்புகளைப் படியெடுத்துக்கொள்வது. சாகும் வட்டில் ஒவ்வொரு மணி நேர ஓட்டமும் செலவுதான் என்பதால், திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுக்க வேண்டும். குடும்பப் படங்கள், சான்றிதழ்களின் ஸ்கேன், கணக்குக் கோப்புகள் ஆகியவை முதலில். இணையத்தில் மீண்டும் இறக்கிக்கொள்ளக்கூடிய திரைப்படங்கள் கடைசியில், அல்லது எப்போதும் இல்லை. டெஸ்க்டாப்பிலேயே வைத்திருக்கும் கோப்புகளையும், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் மறந்துவிடுவது வழக்கம். பழைய தமிழ் ஆவணங்கள் இருந்தால் எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து எடுத்துவைக்க வேண்டும். பாமினி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்த வினாத்தாள்கள், எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அக்காவிடம் அப்படிப்பட்டவை பத்தாண்டுக் கணக்கில் இருந்தன.

இந்தக் கட்டத்தில் பலரும் செய்யும் தவறு, வட்டைச் ‘சரிபார்க்கும்’ செக் டிஸ்க் நிரலையோ டிஃப்ராக்மென்ட்டையோ ஓடவிடுவது. நலமாக உள்ள வட்டில் அவற்றால் கெடுதல் இல்லை. சாகும் வட்டிலோ, பரப்பு முழுவதையும் மணிக்கணக்கில் தேய்க்கவைத்து, மிச்சமிருக்கும் ஆயுளையும் அவை தின்றுவிடும். படியெடுத்த பிறகு எதை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். சாதாரணமாகப் படியெடுக்க முடியாத அளவுக்கு வட்டு மோசமாக இருந்தால், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. அது நல்ல பகுதிகளை முதலில் வேகமாக எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். வட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்ற ஒலி தொடர்ந்து வந்தால் அதுவும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்பு நிறுவனத்துக்குச் செலவழிக்கும் அளவுக்கு அந்தக் கோப்புகள் முக்கியமா என்று முடிவு செய்ய வேண்டியதுதான். வட்டை உறைபெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற கைவைத்தியம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்படிச் செய்தால் ஈரம் படிந்து, மிச்சமிருப்பதும் போய்விடும்.

படியெடுத்த பிறகு ஆதாரம் சேர்க்க அரை மணி நேரம் போதும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதம் என்று காட்டுவதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். விண்டோஸ் புதுப்பிப்பு ஓடும்போது எந்த ஹார்டு டிஸ்கும் அப்படித்தான் காட்டும். 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டே, உண்மையில் நகரும் தரவு நொடிக்கு ஒரு எம்.பி.கூட இல்லாமல், சராசரிப் பதில் நேரம் ஆயிரக்கணக்கான மில்லிநொடிகளாக இருந்தால் அது வட்டின் மூச்சுத்திணறல். அடுத்து, கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச நிரலில் வட்டு தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பேட்டைப் படிக்கலாம். அதில் மூன்று எண்களைத்தான் நான் பார்ப்பேன்: மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள் (அடையாள எண் 5), படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை (197), சரிசெய்ய முடியாதவை (198). நல்ல வட்டில் மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். இவை சுழியமாக இருந்து 199-ஆம் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனால், கோளாறு பெரும்பாலும் வட்டில் இல்லை. அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா வயரில் இருக்கிறது. அந்த வயர் மிக மலிவானது. அதை மாற்றாமலேயே வட்டையும் ரேமையும் மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் குறிப்பேட்டை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. கூகுள் தன் தரவு மையங்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்குகளை ஆராய்ந்து 2007-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்ட வட்டுகள், பிழையே இல்லாத வட்டுகளைவிட அடுத்த 60 நாள்களில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம் என்று அது கண்டது. அதே கட்டுரை, செயலிழந்த வட்டுகளில் 56 சதவீதத்துக்கும் மேலானவை முக்கியமான நான்கு குறிகளில் எதையும் காட்டாமலேயே போயின என்றும் சொன்னது. ஆகவே எண்கள் கெட்டிருந்தால் வட்டை நம்பக் கூடாது. எண்கள் நன்றாக இருப்பதால் மட்டும் வட்டு நலம் என்று முடிவுகட்டவும் கூடாது.

விண்டோஸிலேயே இருக்கும் ரிலையபிலிட்டி மானிட்டரையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம். எந்த நாளில் முறிவுகள் தொடங்கின, அதற்கு முந்தைய நாள் என்ன நிறுவப்பட்டது என்பதை அது நாள்காட்டிபோல் காட்டும். முறிவு தொடங்கிய நாளும் ஒரு புதிய டிரைவர் வந்த நாளும் ஒன்றாக இருந்தால், ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் அதை நீக்கிப் பார்க்கலாம். தவறான ஒரே ஒரு கோப்பு என்ன செய்யும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது: கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. அந்தக் கணினிகளில் எந்த உதிரிப் பாகமும் கெட்டிருக்கவில்லை.

இனி வழிகளுக்கு வருவோம்.

ஃபார்மட் போடுவது நம் ஊரில் எல்லாக் கணினி நோய்க்கும் முதல் மருந்து. கடையில் கொடுத்தால் சில நூறு ரூபாய், வீட்டிலேயே செய்தால் செலவே இல்லை என்பது அதன் கவர்ச்சி. வைரஸ், சிதைந்த இயங்குதளக் கோப்புகள், ஒன்றோடொன்று சண்டையிடும் இரண்டு ஆன்டிவைரஸ்கள், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த வேண்டாத நிரல்கள் ஆகியவற்றுக்கு அது உண்மையிலேயே நல்ல தீர்வு. ஆனால் அதன் விலை ரூபாயில் இல்லை. பிரின்டரை மீண்டும் இணைப்பது, கணக்கு மென்பொருளின் உரிமத்தை மீட்பது, தமிழ்த் தட்டச்சை அமைப்பது, மறந்துபோன கடவுச்சொற்களோடு போராடுவது என்று ஒரு வாரம் ஓடிவிடும். விண்டோஸின் ரீசெட் வசதியில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தெரிவு இருந்தாலும், நாம் நிறுவிய மென்பொருள்கள் எப்படியும் போய்விடும். கடையில் ஃபார்மட் போடக் கொடுக்கும்போது, கணினியோடு வந்த உண்மையான விண்டோஸுக்குப் பதில் திருட்டு நகலை ஏற்றிவிடும் வழக்கமும் உண்டு. விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு பிணைக்கப்பட்டது. அதே பதிப்பை மீண்டும் ஏற்றி இணையத்தில் இணைத்தால் தானாகவே செயல்படும். ஆகவே நகலுக்குத் தேவையே இல்லை.

ஃபார்மட்டின் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது: கெட்ட வட்டையும் அது சில வாரங்களுக்கு நல்லதுபோல் காட்டிவிடும். படிக்க முடியாத செக்டர் ஒன்றின் மீது புதிதாக எழுதும்போதுதான், அது இனி உதவாது என்று கண்டுபிடித்து, ஹார்டு டிஸ்க் தன்னிடம் உள்ள உதிரி இடத்துக்கு அதை மாற்றுகிறது. விண்டோஸை மறுபடி ஏற்றுவது என்பது பல ஜி.பி. அளவுக்குப் புதிதாக எழுதுவது. எனவே நிலுவையில் நின்ற கெட்ட செக்டர்கள் பலவும் ஒதுக்கப்பட்டு, கணினி புத்துயிர் பெற்றதுபோல் ஓடும். அக்கா மகன் நான் ஊருக்குப் போவதற்கு முந்தைய மாதமே ஒருமுறை ஃபார்மட் போட்டிருந்தான். பத்தொன்பது நாள் நன்றாக ஓடியதாம். தேய்மானம் தொடர்ந்துகொண்டிருந்ததால் இருபதாம் நாள் பழைய கதை திரும்பியது. வைரஸ் மறுபடி வந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

ரேம் சேர்ப்பது பற்றிக் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. 4 ஜி.பி. ரேமில் விண்டோஸ் 10-உம் உலாவியின் பத்துத் தாவல்களும் சேர்ந்தால் இடம் போதாது. மீதியை விண்டோஸ் வட்டின் பேஜ் கோப்பில் வைத்து எடுக்கத் தொடங்கும், ஹார்டு டிஸ்கில் அது ஆமை வேகம். ஆனால் அந்தக் கணினி ஒன்பது ஆண்டுகளாக அதே 4 ஜி.பி.யில்தான் ஓடியது. ரேம் போதாமை ஒரே வாரத்தில் முளைப்பதில்லை. நீலத் திரையையும் கொண்டுவருவதில்லை. ஆகவே ரேம் சேர்ப்பது மெல்ல வரும் மந்தத்துக்கான மருந்து. பழுதான ரேமை மாற்றுவது வேறு விஷயம். அதைக் கண்டுபிடிக்க மெம்டெஸ்ட்86 போன்ற நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிட வேண்டும்; ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தப் பட்டை உதவாது. இரண்டு பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதிப்பது எளிய வழி. மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து மாட்டுவது நம் ஊர்க் கடைகளின் பழைய கைவேலை. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், முனைகளில் படிந்த அழுக்கால் வரும் தொடர்புக் கோளாறுக்கு அது பலமுறை வேலை செய்திருக்கிறது.

வாங்கும்போது, ரேமின் இரு தலைமுறைகளான டிடிஆர்3-க்கும் டிடிஆர்4-க்கும் வெட்டு இடமே வேறு என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. இன்னொன்று, 2025 இறுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போவதே முதன்மையான காரணம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ரேம் வாங்கிப் போடும் காலம் இப்போதைக்கு இல்லை.

வெப்பத்தையும் மின்சாரத்தையும் நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. பெரும்பாலான இன்டெல் செயலிகள் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம்மைத் தாமே மந்தப்படுத்திக்கொள்ளும். அதையும் தாண்டினால் அணைத்துக்கொள்ளும். மே மாதத்து அறையில், தூசி அடைத்த விசிறியோடும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டோடும் அந்த எல்லையைத் தொடுவது கடினமில்லை. தூசி தட்டிப் பேஸ்ட் மாற்ற மிகச் சிறிய செலவுதான். விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற குறிப்பு மட்டும் திரும்பத் திரும்ப வந்து, அதோடு வேறு பிழை எதுவும் இல்லையென்றால், எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் யு.பி.எஸ். பேட்டரியையும் மாற்றி வைத்துச் சோதிக்க வேண்டும். மடிக்கணினியில் டச்பேட் மேலெழும்பி நின்றால் அது பேட்டரி உப்பியதற்கான அடையாளம். வேகத்தைப் பற்றிய யோசனையை விட்டுவிட்டு முதலில் பயன்பாட்டை நிறுத்த வேண்டும், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

எஸ்.எஸ்.டி.க்கு வருவோம், இந்த ஒப்பீட்டில் அதிகம் பேச வேண்டியது அதுதான். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 8.3 மில்லிநொடி ஆகும். வேண்டிய தரவு படிக்கும் முனையின் கீழ் வரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும்; முனை சரியான தடத்துக்கு நகரும் நேரம் தனி. எல்லாம் சேர்த்தால், சிதறிக்கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு நூறு முறை அளவில்தான் அதனால் எடுத்துத் தர முடியும். விண்டோஸ் தொடங்குவது என்பதே ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைச் சிதறிய இடங்களிலிருந்து எடுப்பது. சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை செய்கிறது. பழைய கணினியில் எஸ்.எஸ்.டி. மாற்றியவர்கள் புதுக் கணினி போலாகிவிட்டது என்று சொல்வது இதனால்தான்.

சாட்டா வகை எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்.பி. அளவிலும், என்.வி.எம்.இ. வகை 3,500 எம்.பி.யும் அதற்கு மேலும் தரவு நகர்த்தும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். வீட்டு வேலைகளில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவது அரிது. 2016-ஐ ஒட்டிய மலிவான மதர்போர்டுகள் பலவற்றில் என்.வி.எம்.இ. மாட்ட இடமும் இருக்காது. ஹார்டு டிஸ்க் இருந்த அதே சாட்டா முனையில் 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. பொருந்திவிடும். 256 ஜி.பி. அளவு அக்கா வீட்டுக்குப் போதும். ஆனால் முழுவதும் நிரப்பாமல் கொஞ்சம் காலியிடம் விட்டுவைக்க வேண்டும். 2 டி.பி. எஸ்.எஸ்.டி. ஆயிரம் ரூபாய் என்று இணையச் சந்தையில் வந்தால் அது பொய்க் கொள்ளளவு; எழுதிய கோப்புகள் பிறகு காணாமல் போகும்.

பழைய வட்டைப் புதியதில் அப்படியே நகலெடுப்பதா, விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதா என்ற கேள்விக்கு, வட்டு நலமாக இருந்து வேகத்துக்காக மட்டும் மாற்றினால் நகலெடுப்பதே சுகம். வட்டு கெட்டிருந்தால் நகலோடு சிதைந்த கோப்புகளும் கூடவே வரும். அப்போது ஃபார்மட்டின் சிரமங்கள் அனைத்தையும் ஏற்றுக்கொண்டு புதிதாக ஏற்றுவதே மேல். எஸ்.எஸ்.டி.க்கும் ஒரு குறை உண்டு. ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் முனகி, தள்ளாடி, எச்சரிக்கை கொடுத்துச் சாகும், எஸ்.எஸ்.டி. நேற்றுவரை ஓடி இன்று காலை அடையாளமே தெரியாமல் போய்விடக்கூடும், அதிலிருந்து தரவை மீட்பதும் கடினம். ஆகவே எஸ்.எஸ்.டி. மாற்றுகிறவர் வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு படி வைத்துக்கொள்ளும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இதுவரையிலான ஒப்பீடு 2025-க்கு முன்பு என்றால் இங்கேயே முடிந்திருக்கும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டதால் கணக்கு மாறியது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் சில விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். ஆறாம் தலைமுறை ஐ3 தகுதி பெறாது. தன் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைப்புகளை ஒத்திசைத்துக்கொள்பவர்களுக்கு, நீட்டிப்புத் திட்டத்தில் 2026 அக்டோபர் 13 வரை கட்டணமின்றிப் புதுப்பிப்பு கிடைக்கும். அமைப்புகளை ஒத்திசைக்க விரும்பாதவர்களுக்கு 30 டாலர் கட்டணம். தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 ஏற்றும் வழிகள் உலவுகின்றன. எந்தப் புதுப்பிப்பில் அது நின்றுபோகும் என்ற உத்தரவாதம் இல்லாததால், வங்கி வேலை நடக்கும் கணினியில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

இங்கே லினக்ஸ் ஒரு மெய்யான போட்டியாளராக வருகிறது. லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு, 4 ஜி.பி. ரேமில் அதன் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு விண்டோஸைவிட இலகுவாக ஓடும். பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுவலாம். உலாவி, காணொளி, ஆவணம், தமிழ்த் தட்டச்சு ஆகியவற்றோடு நிற்கும் வீட்டுக்கு அது போதும். டேலி கணக்கோ, விண்டோஸில் மட்டும் ஓடும் டிஜிட்டல் கையொப்பக் கருவியோ தேவைப்படும் வீட்டில் அதை வற்புறுத்துவது வீண் வம்பு.

புதுக் கணினி வாங்குவதைத் தோல்வியாகப் பார்க்க வேண்டியதில்லை. மதர்போர்டே போய்விட்டால், அல்லது ரேமும் வட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் ஒருசேர மாற்ற வேண்டியிருந்தால், வாங்குவதுதான் சரி. பழுதுச் செலவு புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திக்கொள்வது என் சொந்த அளவுகோல். ஆனால் நினைவக விலையேற்றம் புதுக் கணினிகளின் விலையிலும் ஏறியிருப்பதால், நடுவில் உள்ள ஒரு வழியையும் சேர்த்துப் பார்க்கலாம்: நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய அலுவலகக் கணினிகள். சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் கணினிக் கடைகளிலும் இவை கிடைக்கின்றன. ஐ5-8500 என்பதில் கோட்டுக்குப் பின் வரும் 8 தலைமுறையைக் குறிக்கும். விற்பவர் ‘ஐ7’ என்று மட்டும் அழுத்திச் சொன்னால் அது எத்தனையாம் தலைமுறை என்று கேட்க வேண்டும். நான்காம் தலைமுறை ஐ7-ஐவிட எட்டாம் தலைமுறை ஐ3 வீட்டுக்கு உகந்தது. வட்டு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் அதே ஸ்மார்ட் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வேலையையும் கடையில் கொடுத்துச் செய்வதானால், ‘சரிசெய்து கொடுங்கள்’ என்று சொல்லாமல், என்ன கோளாறு என்று கண்டுபிடித்துத் தொலைபேசியில் சொன்ன பிறகே வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். வட்டைப் பொறுத்தவரை அது பழைய பாகம் மட்டுமல்ல, வீட்டாரின் ஆதார் நகலும் வங்கி அறிக்கைகளும் அதில்தான் இருக்கின்றன.

அக்கா வீட்டு வட்டின் குறிப்பேட்டில் நிலுவைச் செக்டர்கள் 112, நகர்த்தப்பட்டவை 340-க்கும் மேல். படங்களை எடுத்து முடிக்க ஓர் இரவும் ஒரு பகலும் ஆனது; 2018-ஆம் ஆண்டுக் கோப்புறையில் சில படங்கள் மட்டும் திரும்பவில்லை. அத்தானிடம் இரண்டு கணக்குகளையும் தாளில் எழுதிக் காட்டினேன். இப்போது எஸ்.எஸ்.டி. மட்டும் மாற்றினால் நீட்டிப்புக் காலம் முடியும் வரை கணினி ஓடும்; அதன் பிறகு மின்ட் ஏற்றலாம், அல்லது பழைய அலுவலகக் கணினி ஒன்றை வாங்கி இதே எஸ்.எஸ்.டி.யை அதில் மாட்டிக்கொள்ளலாம் என்பதால் போட்ட பணம் வீணாகாது. புதியதை இப்போதே வாங்கினால் விலை உச்சத்தில் வாங்க வேண்டும். அவர் முதல் கணக்கைத் தேர்ந்தார். ரேம் 4 ஜி.பி.யாகவே இருக்கிறது, அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. அக்கா மகன் கழற்றிய வட்டைத் தூக்கிப் போட மனமில்லாமல், திரைப்படங்கள் வைத்துக்கொள்ளக் கேட்டான். அதன் மேல் தேதி எழுதிய ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, அலமாரியின் மேல் தட்டில், அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு வந்தேன்.